ஃபைபர்னு சொல்றாங்க, வீட்டுக்குள்ள வர்றது கண்ணாடியா கம்பியா?

ஒத்தக்கடை வாசகர், ஜூன் 9, 2024

ஒத்தக்கடைல புது வீடு கட்டிக் குடிவந்து மூணு மாசம் ஆகுது. ஏரியா கேபிள்காரர் "ஃபைபர் நெட்டு சார், 100 எம்பிபிஎஸ்"னு சொல்லி, கம்பத்துல இருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். சாயந்தரம் ஏழு மணி ஆனா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. கரண்ட் போனா, எங்க வீட்ல இன்வெர்ட்டர் ஓடிக்கிட்டு இருந்தாலும் நெட் போயிடுது. ஃபைபர்னாலே இப்படித்தானா, இல்ல எனக்கு மட்டுமா?

ஜூன் 9, 2024, இரவு

உங்க வீட்டுக்கு ஃபைபர் வரலைங்க. கம்பம் வரைக்கும்தான் வந்திருக்கு. அங்க தகரப் பெட்டிக்குள்ள ஒரு சுவிட்ச் வெச்சு, அதுல இருந்து சாதா லேன் வயரை உங்க வீட்டுக்கு இழுத்திருப்பாங்க. நான் மதுரை விளாங்குடில ஆறு வருஷம் இதே கனெக்‌ஷனை வெச்சிருந்தேன், அதனால உறுதியா சொல்றேன்.

இப்பவே போய்ப் பாருங்க. ரூட்டர்ல சொருகியிருக்கிற நுனி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கிளிப்பா இருந்து, உள்ள எட்டு கம்பி வரிசையா தெரிஞ்சா அது லேன் வயர். பச்சைத் தலை வெச்ச சதுர முனை, நடுவுல வெள்ளையா ஒரு மொட்டு இருந்தா அதுதான் ஃபைபர்.

கரண்ட் விஷயத்துக்கும் இதுதான் காரணம். கம்பத்துப் பெட்டில இருக்கிற சுவிட்சுக்குக் கரண்ட் வேணும். உங்க வீட்டு இன்வெர்ட்டர் அதுவரைக்கும் போகாது. முழு ஃபைபர்ல எக்ஸ்சேஞ்சுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல கரண்ட் தேவைப்படுற பொருளே கிடையாது, வெறும் கண்ணாடிதான்.

இன்னொண்ணு, இது நானே அனுபவிச்சது. ஒரு வருஷம் மே மாசம், கத்திரி நேரத்துல ஒரு இடிமழை. எங்க லேன் வயர் கம்பத்துல இருந்து பக்கத்து வீட்டு மாமரம் வழியாத்தான் வரும். இடி எங்க விழுந்துச்சுன்னுகூடத் தெரியாது. ரூட்டர் கருகின வாடை மட்டும் வந்துச்சு. கம்ப்யூட்டர்ல லேன் போர்ட் போயிடுச்சு, டிவிலயும் போயிடுச்சு. நான் வீட்டுல இருந்தே கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவ. அன்னைக்குத் தேதி 19. மறுநாள் 3பிங்கிற மாசாந்திர ரிட்டர்னுக்குக் கடைசி நாள். செல்போன் நெட்டை வெச்சுக்கிட்டு ராத்திரி ஒண்ணரை மணி வரைக்கும் பதினோரு பேருக்குப் போட்டேன். செம்பு வயர் வானத்துல இருக்கிறதை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துரும். கண்ணாடி கூட்டிட்டு வராது.

முழு ஃபைபருக்கு இப்பத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். நடக்கிறதை இங்கயே எழுதுறேன்.

ஜூன் 10, 2024

ஒரு திருத்தம். நேத்து "செம்பு வயர்"னு எழுதினேன். மாட்டுத்தாவணி பக்கம் லைன் வேலை பார்த்த ஒரு தம்பி படிச்சிட்டு, "அக்கா, பாதி வயர் செம்பே இல்ல"ன்னார். அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம். பழைய வயர்த் துண்டு ஒண்ணு மாடில கிடந்துச்சு, பிளேடால சுரண்டிப் பார்த்தேன். உள்ள வெள்ளைதான். இரண்டு தடவை வளைச்சதுக்கே முறிஞ்சிடுச்சு. வெயில்ல ஆறு வருஷம் தொங்கினது எப்படித் தாங்குச்சோ.

ஜூன் 17, 2024

"போர்ட் இல்லை, காத்திருக்கணும்"னு கம்பெனில சொல்லிட்டாங்க. என்ன போர்ட்னு கேட்டேன், சொன்னவருக்கே தெரியல. லைன் பார்க்கிறவர்கிட்ட கேட்டப்பதான் விளங்குச்சு. தெருமுனைக் கம்பத்துல கருப்புப் பெட்டி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ஸ்பிளிட்டர். ஒரு இழைல வர்ற வெளிச்சத்தை எட்டு இழையாப் பிரிக்கும். எங்க பெட்டில எட்டும் ஆள் பிடிச்சாச்சு.

வாய்க்கால்ல மடை பிரிக்கிற மாதிரிதான். ஒண்ணை இரண்டாக்கினா ஆளுக்குப் பாதி, அவங்க கணக்குல 3 டெசிபெல் நஷ்டம். முன்னாடியே ஒரு இடத்துல நாலாப் பிரிச்சு, அதுல ஒவ்வொண்ணையும் இங்க எட்டாப் பிரிக்கிறாங்க. ஆக மொத்தம் 32 வீடு. கணக்குப்படி 15 டெசிபெல், பெட்டிகளோட சொந்த நஷ்டமும் சேர்ந்தா 17-ஐ ஒட்டி வரும். அதாவது கிளம்புற வெளிச்சத்துல ஐம்பதுல ஒரு பங்குதான் வீட்டுக்கு வருது. அதுவே போதுமாம். எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

சாயந்தரம் சுத்துறதைப் பத்திக் கேட்டவருக்கு: முழு ஃபைபர்லயும் பங்கு உண்டு. இப்படி ஒரே இழையைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஜிபான்ங்கிற முறைல கீழ வர்ற மொத்த அளவு 2.5 கிகாபிட், மேல போறது 1.25. அதைத்தான் அந்த 32 பேரும் பகிர்ந்துக்கறாங்க. எல்லாரும் ஒரே நொடில இழுத்தாலும் ஆளுக்கு 75 எம்பிபிஎஸ்க்கு மேல கிடைக்கும். எங்க பழைய கனெக்‌ஷன்ல தெரு முழுக்க ஒரே 100 எம்பிபிஎஸ் சுவிட்சுல தொங்கினோம்.

ஜூன் 27, 2024

நேத்து மாட்டியாச்சு. நீளமா எழுதப் போறேன், அவசரம் இல்லாதவங்க படிங்க.

காலைல பத்தரைக்கு இரண்டு பையன்கள் பைக்ல வந்தாங்க, பின்னாடி ஏணி, தோள்ல கேபிள் சுருள். கேபிள் தட்டையா, கருப்பா, சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகல். நடுவுல கண்ணாடி இழை, இரண்டு பக்கமும் தாங்குறதுக்குக் கம்பி. ரோட்டைக் குறுக்கே கடக்கிற இடத்துல நான் கீழ நின்னு பார்த்து, "இன்னும் தூக்கிக் கட்டுங்கப்பா, இந்த வழியா வைக்கோல் லாரி வரும்"னு சொன்னேன். ஒரு தடவை முனகினாலும் தூக்கித்தான் கட்டினாங்க.

அடுத்தது ஓட்டை. அவங்க சன்னல் கட்டையில போடலாம்னாங்க. "அக்கா, இங்கிட்டுப் போட்டா வேலை சுருக்கா முடிஞ்சிரும்." தேக்குக் கட்டை, எங்க மாமனார் பார்த்துப் பார்த்து வாங்கினது. நான் இரண்டு நாள் முன்னாடியே சாக்பீஸால சுவத்துல குறி போட்டு வெச்சிருந்தேன். ஓட்டை உள்பக்கம் உயர்ந்தும் வெளிப்பக்கம் தாழ்ந்தும் இருக்கணும், அப்பத்தான் மழைத் தண்ணி வயரைப் பிடிச்சு உள்ள வராது. வெளியில வயர் ஓட்டைக்குக் கீழ ஒரு சாண் இறங்கி அப்புறம் மேல ஏறணும். பழைய லேன் வயர்ல இது இல்லாம ஒவ்வொரு ஐப்பசியும் சுவர் ஊறி, சுண்ணாம்பு உதிர்ந்துச்சு.

அப்புறம் வராண்டால உட்கார்ந்து கண்ணாடி இழையை ஒட்டினாங்க. நான் பக்கத்துல மணைபோட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஃபேனை நிறுத்தச் சொன்னார் சின்னவர். கருப்புத் தோலைக் கிழிச்சார், உள்ள நீல நிறத்துல நூல் மாதிரி ஒண்ணு. அந்த நீலத்தையும் ஒரு இடுக்கியால உருவினார். மிஞ்சினது தெரியவே இல்ல. வெளிச்சத்துல சாய்ச்சாத்தான் மின்னுது. 125 மைக்ரான் கனம். அதுலயும் வெளிச்சம் ஓடுற நடுப்பகுதி 9 மைக்ரான்தான். தலைமுடில ஒண்ணை எடுத்தா அதுவே 70 பக்கம் இருக்கும். ஸ்பிரிட் நனைச்ச காகிதத்துல துடைச்சப்ப கீச்சுனு ஒரு சத்தம் வந்துச்சு. "அந்தச் சத்தம் வந்தாத்தான் சுத்தம்"னார். வெட்டுற கருவில வெச்சு ஒரு தட்டு. அப்புறம் இரண்டு நுனியையும் மிஷின்ல வெச்சு மூடினார். சின்னத் திரைல இரண்டு உருளை பெருசாத் தெரிஞ்சு, மெல்ல நெருங்கி, நேர்கோட்டுக்கு வந்து நின்னுச்சு. ஒரு பொறி. இரண்டும் ஒண்ணாயிடுச்சு. நஷ்டம் 0.02னு காட்டுச்சு.

அப்பத்தான் பெரியவர் தலைல அடிச்சுக்கிட்டார். ஒட்டுக்கு மேல மூடுற சின்னக் குழாயை முதல்லயே இழைல கோத்துட்டுத்தான் ஒட்டணும். சின்னவர் மறந்துட்டார். குழாய் இல்லாம அந்த ஒட்டு நாலு நாள்கூடத் தாங்காது. வெட்டிட்டு மறுபடி முதல்ல இருந்து. சின்னவர் முகம் வாடிப் போச்சு. மோர் கொடுத்தேன். அவருக்கு இது மூணாவது வீடாம். இரண்டாவது ஒட்டு 0.01.

ஒண்ணு கவனிங்க: வெட்டின கண்ணாடித் துண்டுகள். அரை அங்குல நீளம், கண்ணுக்குத் தெரியாது, கால்ல ஏறினா எடுக்க முடியாது. எங்க வீட்ல தவழ்ற குழந்தை இருக்கு, நாத்தனார் பேத்தி. நான் கேட்டதுக்கப்புறம்தான் ஒட்டு டேப்பை எடுத்து ஒத்தி ஒத்தி எடுத்தாங்க. உங்க வீட்ல வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு பழைய கருப்புத் துணியை விரிச்சுக் கொடுங்க. துண்டெல்லாம் அதுல பளிச்சுனு தெரியும்.

கடைசில, வர்ற வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை மாட்டி மைனஸ் 19.4னு சொன்னாங்க. மைனஸ் 27-க்குக் கீழ போனா தடுமாறும், அதனால இது நல்ல அளவு. 150 எம்பிபிஎஸ் திட்டம், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. லேன் வயர் மாட்டிப் பார்த்தா 150 முழுசா வருது. படுக்கையறைல செல்போன்ல 38.

ஜூன் 28, 2024

நேத்து எழுதினதுல தப்பு. மைனஸ் 19.4 கம்பத்துப் பெட்டில எடுத்த ரீடிங். வீட்டுக்குள்ள 20.1. வித்தியாசம் 0.7 இருந்தா பரவாயில்ல, ஆனா இரண்டையும் தனித்தனியா கேட்டு எழுதி வெச்சுக்கறது நல்லது. நான் ஓ.என்.டி. பெட்டி (ஃபைபர் வந்து சேர்ற, வெளிச்சத்தை நெட்டா மாத்துற வீட்டுப் பெட்டி) அடியில ஸ்டிக்கர் ஒட்டி, தேதியோட எழுதியிருக்கேன். பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சு உள்ள போனா, அநேகப் பெட்டிகள்ல வாங்குற வெளிச்சத்தோட அளவு அதுலயே தெரியும்.

நீலத் தலை, பச்சைத் தலை பத்திக் கேட்டிருந்தாங்க. பச்சைல கண்ணாடி நுனி 8 டிகிரி சாய்வா தீட்டியிருக்கும், நீலத்துல நேரா இருக்கும். ஒண்ணை ஒண்ணுல சொருகினா சொருகும், ஆனா நடுவுல இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும். நிறம் பார்த்துச் சொருகுங்க.

ஜூலை 4, 2024

38-க்குக் காரணம் ஃபைபர் இல்ல, எங்க சுவர். மாமனார் காலத்துச் சுவர், ஒன்பது அங்குலம், ஒரு இடத்துல அதுக்கும் மேல. நடுவுல இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமா ஓடும், ஆனா சுவர் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனா மெதுவு, அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதுலதான் நெருக்குது.

ஓ.என்.டி.யை டிவி ஷோகேஸ் உள்ள வெச்சது என் தப்பு. அழகுக்காக வெச்சேன். வெளிய எடுத்து ஆளுயரத்துல சுவத்துல மாட்டினதும் 38 ஐம்பத்தஞ்சு ஆச்சு. மாடில என் வேலை அறைக்கு நல்ல செம்பு லேன் வயரை, வீட்டுக்குள்ளயே குழாய் வழியா இழுத்து, தனி வைஃபை பெட்டி வெச்சுட்டேன். இப்ப 150. லேன் வயரே வேண்டாம்னு முதல்ல எழுதின மாதிரி இருந்துச்சுன்னா, அது அப்படி இல்ல. வீட்டுக்கு உள்ள அது அருமையான பொருள். வெளியில, வானத்துக்குக் கீழதான் ஆகாது.

ஜூலை 21, 2024

எரிச்சலோட எழுதுறேன், பொறுத்துக்கங்க.

19-ஆம் தேதி முதல் ஆடி வெள்ளி. எங்க தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினாங்க. முந்தின நாளே பந்தல், சீரியல் லைட்டு, கூம்பு ஸ்பீக்கர் எல்லாம் கட்டியாச்சு. வெள்ளி சாயந்தரம் ஆறு மணிக்கு ஓ.என்.டி.ல எல்.ஓ.எஸ். விளக்கு, அதாவது வெளிச்சம் வரலைன்னு சொல்ற விளக்கு, சிவப்பா மினுக்க ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரம் நிக்கும், மறுபடி மினுக்கும். மறுநாள் 20. ஒன்பது பேரோட 3பி பாக்கி. தாமதமானா நாளுக்கு 50 ரூபா, அது என் மேலதான் விழும்.

வாடிக்கையாளர் எண்ணுக்கு நாலு தடவை கூப்பிட்டேன். "பெட்டியை அணைச்சுப் போடுங்க"ங்கிற ஒரே பதில். வெளிச்சம் வரலைன்னா பெட்டியை அணைச்சு என்ன பண்றது? இரண்டு நாள்ல ஆள் வரும்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மாட்டின சின்னத் தம்பியோட எண்ணை அன்னைக்கே வாங்கி வெச்சிருந்தேன். கம்பெனிக்குச் சொல்லாம, சனிக்கிழமை காலைல ஏழு மணிக்குத் தானா வந்தார். வீட்டுக்குள்ள மீட்டர் மைனஸ் 31. பெட்டில பழையபடி 19.4. "அப்ப நடுவுலதான் அக்கா." தெருவைப் பார்த்து நடந்தோம். பந்தல் காலை நிறுத்த எங்க கேபிளையும் சேர்த்து, கயித்தால ஒரே இறுக்கா இறுக்கி, மடக்கிக் கட்டியிருக்காங்க. கேபிள் அறுபடல, கீறல்கூட இல்ல. மடிஞ்ச இடத்துல வெளிச்சம் வெளிய கசிஞ்சிருக்கு. கயித்தை அவிழ்த்தோம், அவ்வளவுதான். மைனஸ் 20.3.

அவர் சொன்னது மனசுல நின்னுச்சு. வெளிச்சத்தோட அலைநீளம் கூடக்கூட மடிப்புல கசியறது அதிகமாம். வீட்டுக்கு வர்றது 1490 நானோமீட்டர், வீட்டுல இருந்து போறது 1310. அதனால மடிச்சா முதல்ல அடிபடுறது நமக்கு வர்ற பக்கம்தான்.

பந்தல்காரரைத் திட்டப் போய், திட்டல. அவருக்கு அது கருப்பு வயர், எல்லா வயர் மாதிரியும் ஒண்ணு. அடுத்த வெள்ளிக்கு நானே போய் நின்னு, எந்த வயர் எதுன்னு காட்டிக் கொடுத்தேன்னு எழுதணும், அதுக்காகவே போகப் போறேன். ஒன்பது ரிட்டர்னும் நேத்தே போயாச்சு.

ஜூலை 22, 2024

தம்பிக்கு எவ்வளவு கொடுத்தீங்கன்னு கேட்டாங்க. பணம் வாங்கல. மதியம் சாப்பிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3, 2024

தலைப்பை விட்டு விலகுறேன், ஆனா கேட்டதால எழுதுறேன். "கண்ணாடிக்குள்ள வெளிச்சம் அவ்வளவு தூரம் எப்படிப் போகும், நம்ம சன்னல் கண்ணாடியையே நாலு அடுக்கு வெச்சா பச்சையாத் தெரியுதே"ன்னு ஒருத்தர்.

ரொம்ப நல்ல கேள்வி. கண்ணாடில இருக்கிற அழுக்குதான் வெளிச்சத்தைத் தின்னுது, கண்ணாடி இல்லன்னு 1966-ல சார்ல்ஸ் காவ் கணக்குப் போட்டுக் காட்டினார். கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் நஷ்டத்துக்குக் கீழ கொண்டுவந்தா போதும், பேச்சை அனுப்பலாம்னார். 20 டெசிபெல்னா நூத்துல ஒண்ணுதான் மிஞ்சும், அதையே பெரிய விஷயமா நினைச்ச காலம். 1970-ல கார்னிங் கம்பெனி அதைச் சாதிச்சுது. காவுக்கு 2009-ல நோபல் கிடைச்சுது. அவருக்கு முன்னாடியே 1950-கள்ல கண்ணாடி இழைக் கட்டு வழியாப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினவர் நரிந்தர் சிங் கபானி, பஞ்சாப் மோகாவுல பிறந்தவர். 2020 டிசம்பர்ல இறந்தார், அடுத்த மாசம் பத்மவிபூஷண் அறிவிச்சாங்க. உயிரோட இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்னு எனக்கு இன்னமும் ஆதங்கம் இருக்கு.

இப்போதைய இழைல நல்ல அலைநீளத்துல கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான். மதுரைல விளக்கு காட்டினா முப்பது கிலோமீட்டர் தள்ளி மேலூர்ல கால்வாசி வெளிச்சம் போய்ச் சேரும்.

எங்க அப்பா வீட்ல டெலிபோன் கம்பிலதான் முதல்ல நெட் வந்துச்சு. 2005-ல பிஎஸ்என்எல் டேட்டாஒன் தொடங்கினதுக்கு இரண்டு மூணு வருஷம் கழிச்சு. அப்ப அரசாங்கக் கணக்குல 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். 2013-ல அதை 512 ஆக்கினாங்க, 2023 ஜனவரிலதான் 2 எம்பிபிஎஸ் ஆச்சு. ஒரு போட்டோ மேல இருந்து கீழ பட்டை பட்டையா இறங்கும், அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுப் போடுறதுக்குள்ள பாதி முகம் வந்திருக்கும். அந்த மோடத்தை இன்னும் எறியல.

அக்டோபர் 26, 2024

நேத்து மதியம் மூணு மணிக்கு மேல கொட்டின மழையைப் பத்தி மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். செல்லூர்ல நாத்தனார் வீட்ல முழங்கால் தண்ணி, பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி தெருவுக்கே வந்துடுச்சு. குழந்தையைத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டாங்க. அவங்களோட லேன் வயர் கனெக்‌ஷன் நாலு மணிக்கே போச்சு, கம்பத்துப் பெட்டில கரண்ட் இல்ல. எங்க பக்கமும் கரண்டை நிறுத்திட்டாங்க. ஆனா நெட் ஓடுச்சு. ஓ.என்.டி.க்கு 12 வோல்ட் போதும், சின்ன யு.பி.எஸ். ஒண்ணு ஆகஸ்ட்ல வாங்கி மாட்டியிருந்தேன். ராத்திரி எட்டரை வரைக்கும் தாங்குச்சு. நாத்தனார் மகன் துபாய்ல இருக்கான், அம்மாவை எட்ட முடியாம துடிச்சுக்கிட்டு இருந்தான். நான் அவன்கூட வீடியோல பேசிக்கிட்டே, இன்னொரு போன்ல அவங்க பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிச்சு, மாடில பத்திரமா இருக்காங்கன்னு காதுல கேட்க வெச்சேன்.

அக்டோபர் 27, 2024

செல்லூர்ல இன்னும் சேறு வாரிக்கிட்டு இருக்கோம். பதில் எழுத நேரமில்ல.

நவம்பர் 10, 2024

ஒத்தக்கடைக்காரர் திரும்ப வந்து, முழு ஃபைபர் மாட்டியாச்சு, பச்சைத் தலைதான்னு போட்டோ போட்டிருக்கார். ரொம்ப சந்தோஷம். கரண்ட் போனாலும் ஓடுதாம். ஆனா மழை வந்தா மட்டும் விட்டு விட்டு வருதுன்னும், திரைல மைனஸ் 27.6 காட்டுதுன்னும் எழுதியிருக்கார்.

அண்ணே, "நெட்டு வருதுல்ல"ன்னு அதை அப்படியே விட்டுடாதீங்க. அது விளிம்புல நிக்குது. உங்க போட்டோலயே, கதவு நிலைகிட்ட கேபிளை ஆணிக் கிளிப் அடிச்சு நேர்க்கோணமா மடிச்சிருக்கிறது தெரியுது. முதல்ல அந்த இரண்டு கிளிப்பையும் நீங்களே பிடுங்கிட்டு, தேநீர் டம்ளர் வாய் அளவுக்கு வளைவு விட்டுப் பாருங்க. அளவு ஏறலைன்னா ஆளைக் கூப்பிடுங்க. வந்ததும் வீட்டுக்குள்ள பார்க்க விடாதீங்க, கம்பத்துப் பெட்டில என்ன ரீடிங்னு முதல்ல ஏறிப் பார்க்கச் சொல்லுங்க. அங்க 20 பக்கம் இருந்தா ஒட்டை வெட்டி மறுபடி ஒட்டச் சொல்லுங்க. கருப்புத் துணியை மறக்காதீங்க.